தோட்டத்து மோட்டாரே மிஸ்டு காலில் ஓடுது, ஹாலில் இருக்கும் ஆம்ப் ஓடாதா?

அப்பாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவியதும் டிவியில் நாதஸ்வரக் கச்சேரி கேட்பார். டிவிக்கு ரிமோட் உண்டு. டிவியின் சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயருக்கு, அதாவது 1991-ல் கோயமுத்தூரில் வாங்கிய ஆம்புக்கு, இல்லை. அலமாரியின் அடித்தட்டில் இருக்கும் அதைப் போட, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிய வேண்டும். நிமிரும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

டிவியைப் போட்டால் ஆம்பும் தானாக ஆன் ஆக வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்டது. ஆறு மாதமாக அல்லாடுகிறேன்.

இதற்கென்றே 12 வோல்ட் ட்ரிக்கர் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பெட்டி ஆன் ஆனதும் மெல்லிய வயர் வழியாக 12 வோல்ட் அனுப்பும், அடுத்த பெட்டி விழித்துக்கொள்ளும். ஆனால் நம் பழைய ஆம்பில் அதை உள்வாங்க வழியில்லை, புது டிவியில் அதைக் கொடுக்கும் ஓட்டையும் இல்லை. டிவியின் சத்தத்தை ஆம்புக்குக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ ஏஆர்சி (அதே கேபிளில் ஆன் ஆகச் சொல்லும் கட்டளையும் போகும்) வந்ததே 2009-ல். அதற்கு முன்னால் வாங்கியவன் எல்லாம் என்ன செய்வது?

சரி, டிவியின் யூஎஸ்பி 5 வோல்ட்டைப் பார்த்து ஆன் ஆகும் சுவிட்ச் பெட்டி ஒன்று வாங்கினேன். எங்கள் டிவி அணைத்த பிறகும் யூஎஸ்பியில் கரண்ட் விடுகிறது! காலையில் எழுந்து பார்த்தால் ராத்திரி முழுக்க ஓடிய ஆம்பின் மூடி தோசைக்கல் மாதிரி சுடுகிறது.

அடுத்தது, பாட்டுச் சத்தம் வந்தால் ஆன் ஆகும் பெட்டி. இதுதான் என்னை அதிகம் கொதிக்க வைத்தது. ஆம்புக்கு வயர் போவது டிவியின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து. பேரப்பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று அப்பா டிவியில் சத்தத்தைக் குறைத்தால், வயரில் வரும் சிக்னலும் சுருங்கிவிடும். யாரும் பாடவில்லை என்று பெட்டி முடிவு கட்டிவிடும். கால் மணி நேரத்தில் 'டக்'. ஆலாபனை நடுவில் வீடு ஊமையாகும். மறுபடி சத்தத்தைக் கூட்டினால்தான் உயிர் வரும், அதற்குள் பிள்ளை எழுந்து அழும்.

அப்புறம் போனிலிருந்து ஆன், ஆஃப் செய்யும் ஸ்மார்ட் ப்ளக். ஆம்பைப் போடும் அந்த நொடியில் டிரான்ஸ்ஃபார்மர் ஒரேயடியாகக் கரண்டை இழுக்கும். ப்ளக்குக்குள் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் மலிவான ரிலே சுவிட்ச் எத்தனை நாள் தாங்கும்? மூன்றாம் வாரம் உள்ளே முனைகள் ஒட்டிக்கொண்டன. போன் ஆஃப் என்று காட்டுகிறது, எதிரே ஆம்பின் விளக்கு எரிகிறது.

இதைக் கடையில் போய்ச் சொன்னால், “பழசுங்ணா, தூக்கிப் போட்டுட்டு சவுண்ட்பார் வாங்கிக்கங்ணா” என்கிறார் அந்தத் தம்பி. எதற்குத் தூக்கிப் போட வேண்டும்? இத்தனை வருடத்தில் இரண்டு முறை வால்யூம் கன்ட்ரோலைக் கழற்றித் துடைத்ததோடு சரி. அது பழுதாகவில்லை. பழைய ஆம்போடு பேசத் தெரியாத டிவியைச் செய்து விற்கிறீர்களே கம்பெனிக்காரர்களே, உங்கள் டிவிதான் குறை.

எங்கள் பக்கம் வந்து பாருங்கள். சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போர்வெல்லில் ஏழரை எச்பி மோட்டார் ஓடுகிறது. விவசாயி திருப்பூரில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு தென்னைக்குத் தண்ணீர் விடுகிறார். அங்கே முடிவது ஹாலில் முடியாதா? டிவிக்குப் பின்னால் ஒரு 12 வோல்ட் ஓட்டை வைத்தால் உங்கள் சொத்தா அழிந்துவிடும்?

நேற்று அந்த ஸ்டார்ட்டர் மாட்டும் மெக்கானிக்கிடமே கேட்டேன். டிவி இழுக்கும் கரண்டைப் பார்த்து ரிலே போட்டு, ஆம்புக்குத் தனியாக ஒரு கான்டாக்டர் (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) வைத்துவிடலாம் என்றார். ஆம்பின் சுவிட்ச் அமுக்கினால் அமுங்கியபடியே இருக்கும் பழைய மாதிரி என்பதால், கரண்ட் வந்தாலே பாடும். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அதுவரைக்கும் ஆறரை மணிக்கு நான் வீட்டில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால், “நீ வேலையப் பாரு சாமி, நான் போட்டுக்கறேன்” என்று அப்பா சுவரைப் பிடிக்கப் போய்விடுவார்.