முதலில் தராசு, அப்புறம் லைசென்ஸ்

"சட்டவிரோதச் சுரங்கம்" என்று செய்தி வந்தாலே நமக்கு மாஃபியா ஞாபகம்தான் வருகிறது. மாஃபியாவும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கையாலும் சிறு கருவிகளாலும் மண்ணைத் தோண்டிப் பிழைப்பவர்கள் உலகத்தில் நாலு கோடிக்கும் மேல் என்பது உலக வங்கியின் கணக்கு. இத்தனை பேரையும் திருடர் பட்டியலில் சேர்ப்பது அபாண்டம்.

இவர்களில் தங்கம் தோண்டுகிறவர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவர அரசுகளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: விண்ணப்பம் போடு, லைசென்ஸ் வாங்கு. நில வரைபடம், சுற்றுச்சூழல் அறிக்கை என்று அலைந்து முடிப்பதற்குள் குழியில் தங்கமே தீர்ந்துவிடும். என்னைக் கேட்டால், தங்கத்தை விற்கிற இடத்தில்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

குழியில் இறங்குகிறவருக்குச் சாப்பாட்டுச் செலவு, டீசல், மோட்டார் வாடகை என்று முன்பணம் கொடுப்பவர் தங்க வியாபாரி. பல இடங்களில் பாதரசமும் அவர் உபயம். கடன் வாங்கியவர் வேறு யாரிடம் போய் விற்பார்? அரைத்த பாறைத் தூளில் பாதரசத்தைக் கலந்தால் தங்கம் அதோடு ஒட்டிக்கொண்டு உருண்டையாகத் திரளும். அதை நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் மிஞ்சும். பல நேரம் இது வீட்டு அடுப்பிலேயே நடக்கிறது, பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போதே. மனிதரால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் சுமார் 38 சதவீதம் இந்தத் தொழிலால் என்கிறது ஐ.நா.வின் 2018 மதிப்பீடு. ஆவியைக் குளிர்வித்துத் திரும்பப் பிடிக்கிற மூடிய கலம் இருக்கத்தான் செய்கிறது. அதை வாங்கிக் கொடுப்பதால் வியாபாரிக்கு என்ன லாபம்?

பிலிப்பைன்ஸ் கதையைப் பாருங்கள். சிறு சுரங்கத்துக்கென்று அங்கே 1991-லேயே சட்டம் வந்துவிட்டது. தங்கத்தை மத்திய வங்கியே வாங்கியது. 2011-ல் அந்தக் கொள்முதல் கவுன்ட்டரிலேயே 2 சதவீதம் கலால் வரி, 5 சதவீதம் வருமான வரிப் பிடித்தம் என்று ஆரம்பித்தார்கள். வங்கிக்கு வந்த தங்கம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சரிந்தது. தோண்டுவது நின்றுவிடவில்லை, தங்கம் கள்ளச்சந்தைக்குப் போய்விட்டது. 2019-ல் புதுச் சட்டம் போட்டு அந்த வரிகளை விலக்கினார்கள். ஏழு சதவீதத்துக்கு ஆசைப்பட்டு மொத்தத்தையும் கோட்டைவிட்டால் இது என்ன கணக்கு?

"அப்போ வரியே கட்ட வேண்டாமா?" என்று கேட்பீர்கள். கட்டட்டும், ஏற்றுமதி செய்கிறவர் கட்டட்டும். கொள்முதல் கவுன்ட்டரில் குழிக்காரருக்குச் சரியான எடை, அன்றைய விலை, கையில் காசு, ஒரு ரசீது கிடைக்கட்டும். அந்த ரசீதுகள் சேர்ந்தால் வங்கியில் கடன் கேட்க ஒரு ஆதாரம் இருக்கும், வியாபாரியின் பிடியும் தளரும். மண் கழுவுகிற பெண்களுக்கும் அவரவர் பெயரிலேயே ரசீது வேண்டும். குழிக்காரர் பெயரில் மட்டும் கொடுத்தால் அவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

தடை, பதிவேடு என்று போன நாடுகளும் உண்டு. கானா 2017-ல் சிறு சுரங்கத்துக்கு மொத்தமாகத் தடை போட்டு, அடுத்த ஆண்டு டிசம்பரில் நீக்கியது. பெரு நாட்டில் சட்டத்துக்குள் வருவதாகச் சொல்லிப் பதிவேட்டில் பெயர் கொடுத்திருந்தாலே கிரிமினல் வழக்கிலிருந்து பாதுகாப்பு. முறைப்படி அனுமதி வாங்கி முடிப்பதற்கான கெடுவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனதில், அந்தப் பதிவு பலருக்குக் கேடயமானதுதான் மிச்சம்.

லைசென்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழி சரியாமல் முட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு அதிகாரி வந்தாக வேண்டும். ஆனால் பல நாடுகளில் தங்கம் கிடைக்கிற நல்ல நிலத்தையெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அதில் ஒரு பகுதியைக்கூடத் திரும்ப வாங்காமல் லைசென்ஸ் கொடுக்கிறோம் என்கிறார்களே, எந்த நிலத்துக்கு?