ப்ளஸ் ஒன்ல மாத்தினா 7.5% கிடைக்காது

"பத்தாவது வரைக்கும் பிரைவேட்ல படிக்க வச்சிட்டு ப்ளஸ் ஒன்ல கவர்மெண்ட் ஸ்கூல்ல சேத்தா மெடிக்கல்ல அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான 7.5% கோட்டா கிடைச்சிடும்"னு மேல ஒருத்தர் போட்டிருக்காரு, தப்புங்க, தயவுசெஞ்சு இத நம்பி பிள்ளைய மாத்திடாதீங்க. தமிழ்நாட்டோட 2020 சட்டப்படி ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்சிருக்கணும், நீட்டும் பாஸ் பண்ணணும். ஆர்டிஇ-ல (கல்வி உரிமைச் சட்ட இலவச சீட்டுல) பிரைவேட்ல எட்டாவது வரைக்கும் படிச்சு, ஒன்பதாவதுல இருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கார்ப்பரேஷன் ஸ்கூல் கணக்குல வரும். ஆனா எய்டட் ஸ்கூல் (அரசு உதவி பெறும் தனியார் பள்ளி) வராது, நிறைய பேரு அதையும் அரசுப் பள்ளின்னு நினைச்சு ஏமாந்துடுறாங்க. 2021-ல இருந்து இன்ஜினியரிங், அக்ரி, வெட்னரி, லா எல்லாத்துக்கும் இந்த கோட்டா இருக்கு. அதனால இத மனசுல வச்சிருக்கவங்க முடிவெடுக்க வேண்டியது அஞ்சாவது முடியும்போதே.