ஆம்புலன்ஸ் அதிகம் வருவது குற்றமா?

நம் தாம்பரம் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஓடியதைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் மேலே போய்ப் பார்க்கலாம். கைதட்டல் படங்களோடு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. "108 வண்டியெல்லாம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் போகுது. அந்தப் பக்கத்து ஜனங்க எதுக்கெடுத்தாலும் போன் போட்டுடறாங்க. எல்லாம் நம்ம வரிப்பணம்." மொட்டை மாடியில் நின்று சைரன் எண்ணி எழுதிய ஆராய்ச்சி!

சார், ஒரு இடத்தில் இருந்து அழைப்பு அதிகம் வந்தால், அங்கே இருப்பவர்கள் வீணாகக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம் இல்லை. கூப்பிட வேறு வண்டி இல்லை என்று அர்த்தம்.

என் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரி, பக்கத்து வீட்டு அண்ணன் காரை எடுத்தார். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அன்றைக்கு எங்கள் தெருவில் இருந்து 108-க்கு ஒரு போன் கூடப் போகவில்லை. உங்கள் கணக்குப்படி எங்கள் தெருவே ஆரோக்கியம். அப்பா பின் சீட்டில் வியர்த்துக் கிடந்ததை எந்த மாடியில் இருந்து எண்ணுவீர்கள்?

சரி, சைரனுக்கே வருவோம். தெற்கே போகிற நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி ரோட்டில் இரும்புலியூர், பெருங்களத்தூர் பக்கம் ஒரு பைக் விழுந்தால் போகிற வருகிறவர் எல்லாம் 108-க்குப் போன் போடுவார்கள். விபத்து ஒன்று, அழைப்பு பத்து. விழுந்தவர் விழுப்புரத்துக்காரராகக்கூட இருக்கலாம், கணக்கு மட்டும் பெருங்களத்தூர் தலையில். அப்புறம், நீங்கள் கேட்கிற சைரனில் பாதி குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் இருந்து செங்கல்பட்டுக்கோ சென்ட்ரல் பக்கம் ஜிஎச்சுக்கோ மாற்றிக் கொண்டுபோகிற கேஸாகக்கூட இருக்கலாம். வண்டி போகிற திசையை வைத்து ஜனங்களின் குணத்தைச் சொல்ல ஜோசியக்காரராலேயே முடியாது.

"பொய் அழைப்பே வருவதில்லையா?" என்று கேட்பீர்கள். வருகிறது. குடித்துவிட்டுக் கூப்பிடுகிறவன் எல்லாப் பக்கமும் இருக்கிறான், நம் அடுக்குமாடியிலும் இருக்கிறான். "சாதாரணக் காய்ச்சலுக்கு எதற்கு 108?" நடுராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வெட்டி இழுத்தால் அது சாதாரணமா இல்லையா என்று ஒரு அம்மா எப்படி முடிவு செய்வாள்? அந்த நேரத்தில் ஆட்டோ என்ன கேட்கும் என்று விசாரித்துப் பாருங்கள். நமக்கு ஃபேமிலி டாக்டர் வாட்ஸ்அப்பில் இருக்கிறார், அவளுக்கு மூன்று இலக்க எண் ஒன்றுதான் இருக்கிறது.

வரிப்பணத்துக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. சோப்பு வாங்குகிற எல்லோரும் ஜிஎஸ்டி வரி கட்டுகிறார்கள்.

நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று ஒருவர் தனியாக மெசேஜ் அனுப்பிக் கேட்டார். "உங்களைச் சொல்லலையே" என்றும் சொன்னார். என்னைத்தான் சொல்கிறீர்கள். இந்த ஃபிளாட்டுக்கு வரும் முன் நாங்கள் இருந்தது அந்தப் பக்கம்தான், ஒண்டுக் குடித்தனம். அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது பனிக்குடம் உடைந்ததைப் பார்த்த ஆட்டோக்காரர் சீட் பாழாகிவிடும் என்று திரும்பிப் போய்விட்டார். 108தான் வந்தது. அக்கா கையைப் பிடித்துக்கொண்டே வந்த அந்தப் பெண் ஊழியர் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இந்தச் சேவை இங்கே 2008-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் எங்களைப் போன்றவர்கள் எப்படிப் போனார்கள் என்று என் பாட்டியைக் கேட்டால் சொல்லியிருப்பாள்.

உண்மையாகவே அக்கறை இருந்தால் வண்டி ஏன் தேடித் தேடி வருகிறது என்று கேளுங்கள். 2021-ல் ஐந்து நகராட்சி, ஐந்து பேரூராட்சியைச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், சிட்லபாக்கம் எல்லாம் இப்போது ஒரே ஊர். எங்கே பார்த்தாலும் ஒரு காந்தி தெரு, ஒரு பாரதி தெரு. பதறிப்போய் "காந்தி தெரு" என்றால் எந்த காந்தி தெரு என்று கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் திருப்பிக் கேட்காமல் என்ன செய்வார்? முடிச்சூர் பக்கம் மழைத் தண்ணீர் நின்றால் தெருவே எது என்று தெரியாது.

தெருமுனையில் பெயர்ப் பலகை வைக்கச் சொல்லிப் போன மாதம் ஒரு மனு எழுதினோம். அந்தப் பக்கத்து ஜனங்கதான் வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். நம் குடியிருப்பில் செக்யூரிட்டி அவர்களை கேட்டிலேயே நிறுத்திவிட்டார். மனு மூன்று நாள் அவர் மேஜையில் கிடந்தது, கையெழுத்துப் போட ஒருவரும் கீழே இறங்கி வரவில்லை.