கொம்பனி லென்ஸோ, சிக்மா டம்ரொனோ?

சாமத்தியவீடு, கலியாணவீடு எண்டு நாள் கூடிவரேக்க வன்னியில படம் எடுக்கிற தம்பிமார் கேக்கிறது ஒண்டுதான்: "அண்ணை, கொஞ்சம் காசு சேர்த்திட்டன். கமரா செய்யிற கொம்பனி கெனன்ட சூம் லென்ஸே எடுக்கிறதோ, இல்லாட்டி வெளிக்கொம்பனி சிக்மா, டம்ரொன் எண்டு போறதோ?" தனித்தனியாப் பதில் எழுதி அலுத்துப்போச்சு. எல்லாருக்குமாச் சேர்த்து இதில எழுதிவிடுறன். அடிக்க வாறவை கடைசி வரைக்கும் வாசிச்சிட்டு அடியுங்கோ.

நிகழ்வு எடுத்துச் சம்பாதிக்கிறவனுக்கு முதல் வேணும் எண்டது முழுச் சூமுக்கும் துவாரம் 2.8இல நிக்கிற லென்ஸ் (இலக்கம் குறையக் குறைய வெளிச்சம் போற துவாரம் பெருக்கும்). அதின்ர வளையத்தில ஆற்ற பேர் அடிச்சிருக்கு எண்டதைப் பிறகு பாக்கலாம். கொம்பனிப் பேருக்காக இன்னும் இரண்டு வருசம் கமராவோட சேர்ந்து வாற கிட் லென்ஸோட காத்திருக்கிறதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன்.

அந்தக் கிட் லென்ஸ் 18-55ஐ (சூம் அளவு, மில்லிமீற்றரில) 55க்கு இழுத்தா துவாரம் 5.6க்குச் சுருங்கீடும். 2.8 அதைவிட நாலு மடங்கு வெளிச்சம் விடும். முப்பதில் ஒரு செக்கனில எடுக்கவேண்டிய படத்தை நூற்றிருபத்தஞ்சில் ஒரு செக்கனில எடுக்கலாம். ஆராத்தித் தட்டைச் சுத்துற மாமியின்ர கை முதலாவதில புகை மாதிரி இழுபடும், இரண்டாவதில காப்புத் தெரியும். "பிளாஷ் இருக்குத்தானே அண்ணை" எண்டுவீங்கள். மண்டபத்து வெள்ளைச் சீலிங்குக்கு அடிச்சா சரி. முத்தத்துப் பந்தலில மேல கட்டியிருக்கிறது நீலத் தறப்பாள். அதில பட்டுத் திரும்புற வெளிச்சத்தில பொம்பிளைப் பிள்ளையின்ர முகம் கிருஷ்ணர் வேசம் போட்ட மாதிரி வரும். நேர அடிச்சா நெத்தி வெளுக்கும், பின்னால நிக்கிற சனம் இருட்டுக்குள்ள போயிடும். வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கல் இரவில எடுத்துப் பாத்தவைக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனிக் கணக்குக்கு வருவம். கெனன் சின்ன சென்சர் (படம் விழுற தகடு) இருக்கிற கமராப் பொடிகளுக்கெண்டு 17-55 2.8ஐ 2006இல விட்டது. டம்ரொனின்ர 17-50 2.8உம் அதே வருசம். சிக்மாவின்ர 17-50 2010இல வந்தது. கெனன் 645 கிராம், பழைய டம்ரொன் அதில மூண்டில் இரண்டு பாரந்தான். கெனனில கூடக் கிடைக்கிறது ஆட்டம் பிடிக்கிற வசதியும், சத்தமில்லாமல் சட்டெண்டு பிடிக்கிற மோட்டரும். பழைய டம்ரொன் போகஸ் பிடிக்கேக்க கர் எண்டு இழுக்கும். வீடியோவும் எடுக்கிறனெண்டா அந்தச் சத்தம் மைக்கில விழும், அப்ப சிக்மாவைப் பாருங்கோ, அதில இரண்டும் இருக்கு. படம் மட்டும் எண்டால் டம்ரொன் போதும். ஆட்டம் பிடிக்கிற வசதி உங்கட கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், துள்ளுற பிள்ளையைப் பிடிக்காது. கெனன்ட 17-55இல விலை கூடின எல் லென்ஸுகளுக்குப் போடுற சிவப்பு வளையமும் இல்லை, தூசி மறிக்கிற றப்பரும் இல்லை. எங்கட செம்மண் ஒழுங்கைத் தூசி அதுக்குள்ளயும் போகும்.

சொனிக்காரருக்கு இன்னும் லேசு. 2016இல வந்த சொனியின்ர சொந்த 24-70 2.8, 886 கிராம். இரண்டு வருசத்தால டம்ரொன் 28-75ஐ 550 கிராமில விட்டது, விலையில பாதியும் இல்லை. பின்னேரம் தொடங்கிச் சாமம் வரைக்கும் கழுத்தில தொங்கவிடுறவனுக்கு அந்த 336 கிராம் என்னெண்டு தெரியும்.

நிக்கோன் கதை இதைவிட ருசி. 2021 கடைசியில நிக்கோன் தன்ர பேரில இசட் மவுண்டுக்கு (லென்ஸ் பூட்டுற இடம்) 28-75 2.8 ஒண்டை அறிவிச்சது. உள்ளுக்கு 12 தொகுதியில 15 கண்ணாடி. அந்த டம்ரொன் 28-75இலயும் 12 தொகுதியில 15 கண்ணாடிதான். டம்ரொன் அமெரிக்காவில 800 டொலருக்கு வந்தது, நிக்கோன் பேரோட வந்தது 1200. 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து 350ஐத் தாண்டினதைப் பாத்த எங்களுக்கு, பேருக்காகக் குடுக்கிற அந்த 400 டொலர் சின்னக் காசில்லை.

கனடாவில இருந்து வாற மாமாமாரின்ர கழுத்தில சிவப்பு வளையம் தொங்கேக்க உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் எண்டது எனக்கும் தெரியும். அவர் சோறு தின்னப் போயிடுவார், அல்பம் அடிச்சுக் குடுக்கிறது நீங்கள்தான்.

வெளிக்கொம்பனியில வில்லங்கமே இல்லை எண்டு சொல்ல வரேல்லை. பிலிம் காலத்துச் சிக்மா கனக்க கெனன் டிஜிற்றல் பொடியில போட்டவுடன எரர் காட்டும். புதுப் பொடி வரேக்க லென்ஸின்ர மென்பொருளையும் புதுப்பிக்கவேண்டி வரலாம். கெனன்ட புது மிரர்லெஸ் பொடிகளில இருக்கிற ஆர்எஃப் மவுண்டுக்கு 2024 வரைக்கும் சிக்மாவும் டம்ரொனும் ஓட்டோபோகஸ் லென்ஸ் விடேல்லை, அந்த வருசம் வந்ததும் சின்ன சென்சருக்குத்தான். அதால உங்கட பொடியோட வேலை செய்யுதோ எண்டு போட்டுப் பாக்காமல் காசை எண்ணாதேங்கோ. திருத்த வேலை எண்டு வந்தா எந்தப் பேரெண்டாலும் ஏ9 றோட்டால கொழும்புக்குத்தான் போகவேணும், அதில வித்தியாசமில்லை.

பழசு வாங்கிறவை பின்மூடியைக் கழட்டி, போன் ரோச்சைப் பின்னால பிடிச்சு முன்னால பாருங்கோ. சிலந்தி நூல் மாதிரி வெள்ளையா ஓடினா பங்கஸ் (பூஞ்சணம்). மாரியில பையுக்குள்ள கிடந்த லென்ஸுக்கு இது வரும், விலை குறைச்சாலும் வேண்டாதேங்கோ. பேப்பர் ஒண்டைச் சுவரில ஒட்டி 2.8இல நேர எடுத்து, இடது மூலை எழுத்தையும் வலது மூலை எழுத்தையும் பெருப்பிச்சுப் பாருங்கோ. ஒரு பக்கம் மட்டும் கலங்கினா லென்ஸ் விழுந்தெழும்பியிருக்கும், இல்லாட்டி பிறவியிலயே கோணல். கொம்பனி லென்ஸுக்கும் இதே சோதனைதான்.

ஒரு இடத்தில மட்டும் நான் கட்சி மாறுவன். சுண்டிக்குளத்தில பறவை எடுக்கப் பழகவெண்டு ஆட்டம் பிடிக்காத மலிவு 70-300 டம்ரொனையோ சிக்மாவையோ வேண்டாதேங்கோ. 300இல கை நடுங்கிற நடுக்கத்துக்குக் கொக்கு இரண்டாத் தெரியும். ஆட்டம் பிடிக்கிற கெனன்ட 55-250 எஸ்டிஎம் அதைவிட எவ்வளவோ திறம், பழசில மலிவாயும் கிடைக்கும். காசு கூடின பிறகு 150-600 எண்டு வந்தா திரும்பவும் சிக்மா, டம்ரொன் பக்கந்தான் வருவன்.

கடைசியா ஒரு உதவி. கிளிநொச்சித் தம்பி ஒருவன் நிக்கோன் டி5200க்கு டம்ரொன் 17-50 தேடுறான். வவுனியா, மல்லாவி, மாங்குளம் பக்கம் ஆரிட்டயும் இருந்தா கொமண்டில போடுங்கோ, லென்ஸின்ர பின்பக்கத்தையும் கிட்ட எடுத்துப் போடுங்கோ. நிக்கோனுக்கு முதல் வந்ததில உள்ளுக்கு மோட்டர் இல்லை, மவுண்ட் வளையத்தில சின்ன வெட்டு ஆணி ஒண்டு தெரியும். டி5200இலயும் மோட்டர் இல்லை, ரெண்டையும் சேர்த்தா போகஸைக் கையாலதான் திருப்பவேணும். அதை அவன்ர தலையில கட்டிவிடாதேங்கோ.