வார்னிஷ் அடிக்கச் சொல்பவர்களுக்கு

போன வாரம் எல்லாரும் பகிர்ந்த அந்த டெம்ப்னோ வீடியோவைப் பற்றித்தான். "இந்த மரக்கொட்டகைக்கு வார்னிஷ் அடிச்சு, அடியில சிமெண்ட் பூசிட்டா நூறு வருஷத்துக்குக் கவலையில்ல"ன்னு ஒருவர் சொல்கிறார். கீழே ஆயிரம் பேர் ஆமாம் போடுகிறீர்கள். மனசு ஆறவில்லை.

தெற்குப் போலந்தின் டெம்ப்னோ ஊரில் இருக்கும் தூய மிக்கேல் அதிதூதர் ஆலயம் அது. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லார்ச் என்ற ஊசியிலை மரத்தின் கட்டைகளைப் படுக்கவைத்து அடுக்கி, மூலையில் ஒன்றையொன்று கவ்வும்படி வெட்டிப் பொருத்தியது. கோபுரம் 1601-இல் சேர்ந்தது. உள்ளே பலகைகளில் ஸ்டென்சில் வைத்துத் தீட்டிய ஓவியங்களுக்கு வயது 500. 2003-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஆறு மரக்கோவில்களில் இதுவும் ஒன்று. இதுவா கொட்டகை?

நனைந்த மரம் காய வழி வேண்டும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடிக்கும். வார்னிஷ் ஒரு தோல். மரம் சுருங்கி விரியும்போது அது வெடிக்கும், வெடிப்பில் மழை இறங்கும், இறங்கிய ஈரம் வெளியேற முடியாமல் தங்கும். வெளியே பளபளப்பு, உள்ளே கையால் பிய்த்தால் தூளாக வரும் மரம். சிமெண்டும் அப்படித்தான். எல்லாச் சுமையையும் தாங்கும் அடிக்கட்டை கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றிச் சிமெண்ட் பூசினால் தண்ணீர் தேங்கும் தொட்டியில் கட்டையை வைத்த மாதிரி. முதலில் உளுப்பது அதுதான், மாற்றக் கஷ்டமானதும் அதுதான்.

"அப்போ கூரையில் மட்டும் மரத்தை ஏன் மாத்துறாங்க?" மாற்றுவதற்கென்றே போட்டது ஐயா அது! கூரையில் வேய்ந்த அந்த மர ஓடுகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றும் ரம்பத்தால் அறுக்காமல் நார் போகும் திசையிலேயே பிளந்தது. நார் அறுபடாததால் தண்ணீர் உள்ளே போகாமல் வழுக்கி ஓடும். ஒரு விளிம்பு கத்தி மாதிரி மெலிந்திருக்கும், மறு விளிம்பில் காடி, அதாவது நீளப் பள்ளம். ஒன்றின் மெலிந்த விளிம்பு அடுத்ததன் காடியில் போய் உட்காரும். மழையையும் வெயிலையும் ஓடு தாங்கித் தேயும், உள்ளே கட்டை பிழைக்கும். தேய்ந்த ஓடுகளைக் கழற்றிப் புதுசு போடுவதுதான் பராமரிப்பு.

"தீப்பிடிச்சா?" பயம் நியாயம். போலந்தின் இன்னொரு மரக்கோவிலான லிபூஷா கோவில் 1986-இல் எரிந்தது, திரும்பக் கட்டியது 2016-இல் மறுபடி எரிந்தது. ஆனால் தீக்கு வார்னிஷ் என்ன செய்யும்? இன்னும் நல்லா எரியும்.

யுனெஸ்கோ பட்டியலில் உள்ள அந்த ஆறில் இன்னொன்றான செங்கோவா கோவிலை நினைத்துப் பாருங்கள். முதல் உலகப் போரில் கோர்லித்சே போர்முனையில் சிப்பாய்கள் அதன் மரத்தைப் பிய்த்துப் பதுங்குகுழிக்கும் விறகுக்கும் கொண்டுபோனார்கள். போர் முடிந்ததும் திரும்பச் சரிசெய்தார்கள். அப்பவும் மரத்தாலேயே.

இந்தக் கோவில்களைச் சுற்றித் தாழ்வாரம் ஓடும். 'சொபோத்தி' என்பார்கள், சனிக்கிழமை என்ற சொல்தான் அது. தூரத்து ஊர்க்காரர்கள் சனி மாலையே வந்து, ஞாயிறு பூசைவரை அதற்கடியில் தங்கியதால் வந்த பெயராம். வந்தவர்களை நனையாமல் காத்த அந்தத் தாழ்வாரம்தான் அடிக்கட்டையையும் மழைச்சாரலில் இருந்து இத்தனை காலம் காத்தது. அந்த வீடியோவில் அதற்கு முன்னால் நின்றுதான் அவர் பேசுகிறார்.