தோட்டத்து யூரியா அட்புளூ ஆகாது

டீசல் வண்டிப் புகையின் நச்சைக் குறைக்கத் தனித் தாங்கியில் ஊற்றும் திரவம்தான் அட்புளூ. "அட்புளூ என்பது யூரியாவும் தண்ணீரும்தானே, தேயிலைக்குப் போடும் உரத்தைக் கரைத்து ஊற்றினால் போதும்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பாதி சரி, அந்தப் பாதிதான் ஆபத்து. 32.5 சதவீதம் யூரியா, மீதி அயனி நீக்கிய நீர் என்பது உண்மை. ஆனால் உர யூரியாவில் பையூரெட் என்ற மாசுப்பொருள் கூடுதல். பீலியில் வரும் ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் அதில் கரைந்த உப்புகள் இருக்கின்றன. இவை அட்புளூ தெளிப்பானை அடைத்து, புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கியையும் கெடுத்துவிடும். ஐஎஸ்ஓ 22241 என்ற தரக்குறி அச்சிட்ட கேனை வாங்குங்கள். நீங்களே ஊற்றலாம், அட்புளூ தாங்கிக்குப் பெரும்பாலும் நீல மூடிதான். சிந்தினால் காய்ந்து வெள்ளையாய்ப் பூத்துவிடும், உடனே ஈரத்துணியால் துடையுங்கள். நுவரெலியாப் பனிக்கெல்லாம் அது உறையாது, உறைநிலை மைனஸ் 11 பாகை. தவறி டீசல் தாங்கிக்குள் ஊற்றிவிட்டால் மட்டும் சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள்.