சோழர் கல்வெட்டில் சிவன் மட்டும்தானா?

சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி (முருகன்) கோயில் பற்றிய பேச்சில் ஓர் அண்ணன், "சோழர் கல்வெட்டில் சிவன் பெயர்தான் உண்டு, முருகனும் பிள்ளையாரும் நாயக்கர் காலத்தில் வந்தவர்கள்" என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலையே பாருங்கள். முதலாம் ராஜராஜன் கொடுத்த செப்புத் திருமேனிகளில் சுப்பிரமணியரும் இருக்கிறார். பிள்ளையார் கணபதியாருக்குத் தினமும் வாழைப்பழம் படைக்கத் தஞ்சை வணிகர்களிடம் காசு போட்டுவைத்த விவரமும் அங்கேயே கல்லில் இருக்கிறது. வட்டிக்குப் பதில் பழம்! ராஜராஜனின் அக்கா குந்தவை கொடுத்தவற்றில் உமாபரமேஸ்வரியார் திருமேனிகள் உண்டு.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கில் குளம், சுடுகாடு, குடியிருப்பு எல்லாம் வரிக்கணக்கிலிருந்து கழிக்கப்படுகின்றன. கூடவே ஐயன் கோயில், பிடாரி கோயில், காடுகாள் (காளி) கோயில் என்று ஊர்த் தெய்வங்களின் இடங்களும் வருகின்றன. சிராங்கூன் சாலைக் காளியம்மனைக் கும்பிடும் நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

குழப்பம் எங்கே வந்தது என்று புரிகிறது. பெரிய கோயில் வளாகத்தில் இன்று நாம் பார்க்கும் முருகன் சன்னதிக் கட்டடம் நாயக்கர் காலத்தது. கட்டடம்தான் பிந்தையது, வழிபாடு அல்ல.